வைதேகி கேட்ட நான்கு நாட்கள்

வைதேகி இறந்த செய்தி எனக்கு ஒரு விசாரிப்பாகத்தான் வந்தது. காலை ஏழரை மணிக்கு அவளுடைய அக்கா கோதை போன் செய்தார். "மல்லிகா டீச்சர், உங்களுக்குத் தெரிஞ்ச நர்ஸ் ஏஜென்சி ஏதாவது இருக்கா? இன்னிக்கே ஆள் வேணும். அண்ணாவுக்குப் பதினோரு மணிக்குச் சாதம் குடுக்கணும்" என்றார். வைதேகி எங்கே என்று கேட்டேன். காலையில் பால் பாக்கெட் எடுக்கப் போனவள் கேட் அருகிலேயே விழுந்துவிட்டாள், டாக்டர் வந்து பார்த்துவிட்டார், உயிர் இல்லை என்றார். அழுதுகொண்டுதான் சொன்னார். சொல்லி முடித்ததும், நம்பரை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும் என்றார்.

அனுப்பினேன். முப்பது வருடத் தோழி போன காலையில் நான் செய்த முதல் காரியம் அதுதான். பத்து மணிக்குள் நம் பழைய ஆசிரியர்கள் குழுவில் கும்பிட்ட கைகள் வரிசையாக வந்து நின்றன. "புண்ணியவதி, யாருக்கும் பாரமில்லாமல் போனாள்" என்று ஒருவர் எழுதினார். அதற்குப் பதினேழு பேர் பூ போட்டார்கள். பிறகு இந்த அஞ்சலியை எழுதித் தரும்படி நீங்கள் கேட்டபோது, பொறுமையின் சிகரம் என்ற வார்த்தை வராமல் எழுதலாம் என்றால் எழுதுகிறேன் என்று சொன்னேன். சரி என்றீர்கள். அதனால் எழுதுகிறேன்.

கோதை சொன்ன அண்ணா அவர்களுடைய அப்பா. மேல்கோட்டையிலிருந்து வந்து தலைமுறை தலைமுறையாக மைசூரில் இருக்கும் அந்த வீட்டில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். வயது தொண்ணூற்று மூன்று. இடுப்பு எலும்பு முறிந்ததிலிருந்து படுக்கைதான். கை நடுங்கும், ஸ்பூன் பிடிக்க முடியாது, யாராவது ஊட்ட வேண்டும். ஆனால் புத்தி தெளிவு. காலையில் பேப்பரை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, வாசிப்பில் ஒரு வரி விட்டுப்போனாலும் கண்டுபிடித்துவிடுவார். ஒன்பது வருடம் அவரைப் பார்த்துக்கொண்டவள் வைதேகி.

அவளை நீங்கள் கணக்கு டீச்சராகப் பார்த்திருக்கிறீர்கள். எட்டாம் வகுப்புப் பையன்கள் அவள் செருப்புச் சத்தத்துக்கே நோட்டைத் திறப்பார்கள். பரீட்சைத் தாள் திருத்தும்போது முணுமுணுத்துக்கொண்டே இருப்பாள். "விடை தெரியாதவன்தான் ரெண்டு பக்கம் எழுதறான் மல்லிகா" என்பாள். மணி அடித்த அடுத்த நிமிடம் கைப்பையோடு வாசலில் நிற்பாள். ஹெட்மாஸ்டர் ஒருமுறை இதைப் பற்றிக் குத்திக் காட்டியதற்கு, மணிக்கு முன்னால் ஒரு நாளாவது போயிருக்கிறேனா என்று கேட்டு அவர் வாயை அடைத்தாள். தன் நேரம் தன்னுடையது என்று அவ்வளவு தெளிவாக நினைத்த இன்னொரு பெண்ணை நான் பார்த்ததில்லை. அப்பேர்ப்பட்டவளுக்குத்தான் இது வந்தது.

அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதனால் பெரியவர் விழுந்தபோது, யார் பார்த்துக்கொள்வது என்று குடும்பத்தில் பேச்சே நடக்கவில்லை. கோதைக்கு இரண்டு மருமகள்கள், அவர்கள் பிரசவங்கள். தம்பி சம்பத்துக்குப் பெங்களூரில் வேலை. வைதேகிக்கு மட்டும் யாரும் இல்லை, ஆகவே அவளுக்கு நேரம் இருந்தது. அவள் அதற்கும் வழி வைத்திருந்தாள். ஏஜென்சியிலிருந்து சாந்தம்மா என்ற பெண்ணைப் பகலுக்கு அமர்த்திவிட்டு, வழக்கம்போலப் பள்ளிக்கு வந்தாள். முதல் நாள் சாந்தம்மா ஊட்டப்போனபோது பெரியவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். மறுநாளும் அப்படியே. தண்ணீரைத் தவிர ஒன்றும் இறங்கவில்லை. டாக்டர் குளுக்கோஸ் ஏற்ற வேண்டும் என்றார். மாலையில் வைதேகி குளித்து, கொடியில் தனியாக உலர்ந்த மடிப் புடவையைக் கட்டிக்கொண்டு, தானே தளிகை பண்ணி எடுத்துப்போனாள். ஒரு கிண்ணம் ரசம் சாதம் முழுக்கச் சாப்பிட்டார்.

அண்ணா ஆசாரமானவர், மடிக் கையால் தவிர சாப்பிட மாட்டார் என்று கோதை தீர்ப்புச் சொன்னார். சம்பத் போனிலேயே ஆமாம் போட்டான். வைதேகி நம்பினாள். அவளுக்கு அப்போது எட்டு வருட சர்வீஸ் பாக்கி இருந்தது. அந்த மாதமே விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்தாள். பிரிவுபசார விழாவில் நாம் கேசரி சாப்பிட்டோம், அப்பாவுக்காக வேலையை விட்ட மகள் என்று மேடையில் பேசினோம். நானும்தான் பேசினேன். எனக்குப் பெரிய கைதட்டு.

அந்த வீட்டு மடி எனக்கு நன்றாகத் தெரியும். நான் ஹனூர் பக்கத்து விவசாயக் குடும்பம். அந்த வீட்டுக்குப் போனால் எனக்கென்று ஒரு டம்ளர் உண்டு, அதைத் தனியாகக் கவிழ்த்து வைப்பார்கள். சமையலறைப் பக்கம் நான் போனதில்லை, யாரும் போகாதே என்று சொல்லவும் இல்லை, கூடத்து நாற்காலியோடு என் எல்லை முடிந்தது. இதே வைதேகி பள்ளியில் என் டிபன் டப்பாவைத் திறந்து, கேட்காமல் என் களியில் பாதியை எடுத்துக்கொள்வாள். வீட்டில் அப்படி இல்லையே என்று ஒருநாள் கேட்டேன். "வீட்ல நான் குடியிருக்கேன். இங்கதான் நான் இருக்கேன்" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் மறுநாளும் களி கொண்டுபோனேன்.

வேலையை விட்ட பிறகு அவளைப் பார்க்க வேண்டுமானால் பிற்பகல் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில், பெரியவர் தூங்கும் நேரத்தில்தான் போக முடியும். அந்த ஒரு மணி நேரத்தில் அவள் துணி மடித்துக்கொண்டே பேசுவாள். இரண்டு மணிக்கொரு தடவை அவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். ராத்திரியிலும் அப்படித்தான். இந்த ஒன்பது வருடத்தில் அவள் ஒரு தூக்கத்தை முழுதாக முடித்ததில்லை. எரிந்து விழுவாள். "என்ன வேணும் உமக்கு" என்று அவர்மீது கத்துவாள், கத்திவிட்டு என்னைப் பார்த்து, எழுதிக்கோ, புண்ணியவதி கத்தறா என்பாள். முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்டாள் என்று இரங்கல் கூட்டத்தில் சொன்னவர்கள் பிற்பகல் இரண்டு மணிக்கு அந்த வீட்டுக்குப் போனதில்லை.

அவள் முதன்முதலில் நான்கு நாள் கேட்டது கோதையிடம். கல்யாணமா என்று கோதை கேட்டார். இல்லை. கோயிலா? இல்லை. உடம்புக்கு ஏதாவதா, ஆஸ்பத்திரியா? இல்லை. பின்னே எதற்கு? "சும்னே" என்று வைதேகி சொல்லியிருக்கிறாள். நம் மைசூர்ப் பேச்சில் கன்னடத்துச் சும்னேயும் தமிழ்ச் சும்மாவும் ஒன்றுதான், ஆனால் கோதைக்கு அது எந்தப் பாஷையிலும் புரியவில்லை. கல்யாணம் என்றால் விட்டிருப்பார்கள். மேல்கோட்டைக்கோ திருப்பதிக்கோ என்றால் வண்டி வைத்து அனுப்பியிருப்பார்கள். ஆஸ்பத்திரி என்றால் ஓடி வந்திருப்பார்கள். ஒன்றுமில்லாததற்கு லீவு கேட்கிறாள் என்றதும் அவர்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சம்பத் மட்டும் யோசித்து ஒரு வழி சொன்னான். "அண்ணாவையும் அழைச்சுண்டு போ. வீல்சேர் வண்டி புக் பண்றேன். உனக்கும் சேஞ்ச், அவருக்கும் சேஞ்ச்."

இதை என்னிடம் சொல்லிவிட்டு வைதேகி அரை நிமிடம் சிரித்தாள். பிறகு துணியை வைத்துவிட்டு நேராகச் சொன்னாள்: "மல்லிகா, உங்க மாடில ஒரு ரூம் காலியா இருக்கோல்லியோ. நாலு நாள் அங்க கதவைச் சாத்திண்டு படுத்திருக்கணும். யாரும் கூப்பிடப்படாது. சாப்பாடுகூட வேண்டாம்." அவ்வளவுதான் அவள் உலகத்திடம் கேட்டது. அறை தர எனக்கு ஆட்சேபம் இல்லை. அறையில் அவள் இருக்கும்போது அந்த வீட்டில் யார் இருப்பது என்பதுதான் கேள்வி.

அடுத்த மகளிர் தினத்தில் நம் பழைய மாணவர்கள் அவளுக்குப் பாராட்டு விழா எடுத்தார்கள். உங்களில் பாதிப் பேர் அங்கே இருந்தீர்கள். சால்வை, கேடயம், தியாகச் சுடர் என்று பட்டம். கோதை இரண்டு மணி நேரம் வீட்டில் இருக்கச் சம்மதித்ததால் அவள் வர முடிந்தது. ஏற்புரையில் இரண்டே வார்த்தை பேசினாள். சால்வை தன்னிடம் நிறைய இருக்கிறது, தனக்கு நான்கு நாள் வேண்டும், நான்கு பேர் ஆளுக்கு ஒருநாள் வந்து அப்பாவோடு இருந்தால் போதும் என்றாள். பலத்த கைதட்டல். எனக்குப் பக்கத்திலிருந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு தாள் சுற்றி வந்தது, இருபதுக்கு மேல் பெயர் சேர்ந்தது. நானும் எழுதினேன்.

வந்தவர்கள் மூன்று பேர். நம் டிராயிங் மாஸ்டர் வந்து பெரியவரோடு ஒரு மணி நேரம் அரசியல் பேசினார், ரவை உப்பிட்டு சாப்பிட்டார், இரண்டு காபி குடித்தார், டயப்பர் மாற்றும் நேரம் வந்ததும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார். இன்னொருவர், பெரியவரிடம் ஆசீர்வாதம் வாங்கக் குடும்பத்தோடு வந்தார். மூன்றாமவர் வீட்டில் ஹோமம் செய்தால் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டுப் போனார். "உதவிக்கு ஆள் வந்தா எனக்குக் கழுவ நாலு டம்ளர் கூட" என்றாள் வைதேகி. அதற்குப் பிறகு அவள் யாரையும் கூப்பிடவில்லை, மற்ற பெயர்க்காரர்களும் கூப்பிட்டால்தானே போக வேண்டும் என்று இருந்துவிட்டார்கள்.

இப்போது என் பங்கு. போன கோடையில், நான் ஓய்வு பெற்று வீட்டில் இருந்தபோது, நானே போய் அவளிடம் நான்கு நாள் நான் இருக்கிறேன் என்றேன். அவள் நம்பவில்லை. பிறகு நம்பினாள். ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதினாள்: எந்த மாத்திரை எப்போது, எந்தப் பக்கம் புரட்ட வேண்டும், காதுக்கருவி எங்கே. மாடி அறைக்கு நான் புது மெத்தை உறை போட்டேன். திங்கட்கிழமை காலை அவள் வருவதாக ஏற்பாடு.

ஞாயிற்றுக்கிழமை மாலை நான் போன் செய்து, உங்க அப்பா என் கையால் சாப்பிட மாட்டாரே, நாலு நாள் பட்டினி கிடந்து ஏதாவது ஆகிவிட்டால் பழி எனக்கல்லவா வரும், நான் என்ன மடியா என்று கேட்டேன். முப்பது வருடம் என்னைக் கூடத்து நாற்காலியில் உட்கார வைத்த அந்த வழக்கத்தை, அன்றைக்கு நானே எடுத்து எனக்கு முன்னால் வேலியாக வைத்துக்கொண்டேன். உண்மை வேறு. என் மாமியார் மூன்று வருடம் படுக்கையில் கிடந்தார். நான்தான் பார்த்தேன். அவர் போன அன்று குளித்துவிட்டு, இனி என் ஆயுளில் இன்னொரு உடம்பைத் துடைக்க மாட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஞாயிறு மதியம் அந்த வாடை ஞாபகம் வந்தது. அவ்வளவுதான். அவள் என்ன அனுபவிக்கிறாள் என்று விழாவில் சுற்றி வந்த தாளில் பெயர் எழுதியவர்களில் எனக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்ததால்தான் போகவில்லை.

வைதேகி பரீட்சைத் தாளைத் திருப்பிக் கொடுக்கும் குரலில் சொன்னாள்: "ஸ்டெப்பெல்லாம் கரெக்ட் மல்லிகா. விடைதான் தப்பு." போனை வைத்துவிட்டாள்.

பத்து நாள் கழித்து அவளே கூப்பிட்டாள். அன்று காலை பெரியவருக்குச் சாப்பாடு கொடுத்துப் படுக்க வைத்துவிட்டு, வெளியே பூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருக்கிறாள். கொள்ளேகால் பஸ் நின்றிருந்தது. ஏறி ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருக்கிறாள். நரசீபுரத்தில் கண்டக்டர் தோளைத் தட்டி எழுப்பியிருக்கிறார். எழுந்தபோது தான் யார் என்றே சில நொடி தெரியவில்லையாம். அந்தப் பக்கமே நின்ற மைசூர் பஸ்ஸில் ஏறி, திரும்பும்போதும் தூங்கியிருக்கிறாள். வீட்டுக்கு வந்தபோது பெரியவர் நனைந்து போய், குரல் போகக் கூப்பிட்டுக் கிடந்தார். "ரெண்டரை மணி நேரம். இத்தனை வருஷத்துல அதான் என் தூக்கம்" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். அவரை அப்படி விட்டதற்கு அழுகிறாளா, திரும்பி வந்ததற்கு அழுகிறாளா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அதற்குப் பிறகு அவள் பூட்டிக்கொண்டு எங்கும் போகவில்லை.

அவள் போன அன்று நான் பத்தரைக்குப் போய்ச் சேர்ந்தேன். கூடத்தில் அவளைக் கிடத்தியிருந்தார்கள். பின்னறையில் ஏஜென்சி ஆள் வந்திருந்தார். மாதேஷ் என்று பெயர், ஹனூருக்குப் பக்கத்து ராமாபுரத்துக்காரர், நாற்பது வயது இருக்கும், எங்கள் ஊர்த் தமிழ். பிணம் கிடக்கும் வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்பதால் சம்பத்தின் மச்சினன் தெருமுனை ஓட்டலிலிருந்து இட்லி வாங்கி வந்திருந்தான். நான் அறை வாசலில் நின்று பார்த்தேன். குளிக்காத கை, ஓட்டல் இட்லி, பிளாஸ்டிக் டப்பா. பெரியவர் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டார். மூன்று இட்லி. சட்னி இன்னும் கொஞ்சம் என்றார். கோதை என் பின்னால் வந்து, பாவம், அவருக்கு என்ன தெரியும் என்று மூக்கைச் சிந்தினார். பேப்பரில் ஒரு வரி விட்டால் கண்டுபிடிப்பவர் அவர்.

பதிமூன்று நாளும் முடியட்டும் என்று காத்திருந்து, அடுத்த வாரம் பிற்பகலில் போனேன். மாதேஷ் தயிர் சாதம் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தார். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். என்னை அடையாளம் தெரிந்துகொண்டார். "நீ வைதேகி ஸ்கூல் மல்லிகாதானே" என்றார். மனதில் இருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"ஏனுங்க ஐயா, அன்னைக்குச் சாந்தம்மா கையில சாப்பிடலைன்னுதான் வைதேகி வேலையை விட்டா. இப்ப இவரு கையில சாப்பிடறீங்களே. மடி இல்லீங்களா?"

அவர் வாயில் இருந்ததை மென்று விழுங்கினார். பிறகு என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துச் சொன்னார். "மடியாவது ஒண்ணாவது. அவாளா சொல்லிண்டா. நான் சாப்டலேன்னா அவ எங்கேயும் போகமாட்டா. போனா திரும்பி வரமாட்டாளோன்னு பயம்."

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். உங்களில் யாராவதாக இருந்தால், வயதானவர், பாவம், பயம் யாருக்குத்தான் இல்லை என்று அவர் கையைப் பிடித்திருப்பீர்கள். எனக்கும் அந்தப் பயம் புரியாமல் இல்லை. ஆனால் எனக்கு அன்று பாவம் வரவில்லை. ஒன்பது வருடம், ஒரு வேலை, நான்கு நாள், கடைசியில் ஒரு உயிர், எல்லாம் இந்த மனிதரின் மூடிய வாயில் போயிருக்கின்றன. நாமும் அந்த வாயைத் திறக்கச் சொல்லி ஒருநாள்கூடக் கேட்கவில்லை. நமக்கும் அது சௌகரியமாக இருந்தது.

மாதேஷ் அடுத்த ஸ்பூனை நீட்டினார். பெரியவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். திரும்பாமலே, "அவ ஊட்டட்டும்" என்றார். என்னைத்தான் சொன்னார். மாதேஷ் கிண்ணத்தை என் பக்கம் நீட்டினார். ஒரு நாளைக்குத்தானே அக்கா என்று கண்ணால் கெஞ்சினார்.

கோதையும் சம்பத்தும் இரங்கல் கூட்டத்தில் வைதேகியின் பொறுமையைத் தங்களோடு வைத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். வைத்துக்கொள்ளட்டும். அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது அவள் போட்ட மதிப்பெண்ணும், அவள் பஸ் ஏறிய அந்த ஒரு காலையும்தான். நான் கிண்ணத்தை வாங்கவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு, போய் வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல், எழுந்து வெளியே வந்தேன். இரண்டு தடவை அவர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நடையில் செருப்பை மாட்டிக்கொண்டு, திரும்பிப் போய்விடுவேனோ என்று எனக்கே பயந்துகொண்டு நின்றேன்.

மூன்றாவது தடவை அவர் கூப்பிடவில்லை. உள்ளே கிண்ணத்தில் ஸ்பூன் படும் சத்தம் கேட்டது. சாப்பிட ஆரம்பித்திருந்தார்.